கொழும்பு வீட்டுக்குப் பெரிய அளவுப் புகைப்படப் பிரிண்டர்: எந்த அகலம், எந்த மை?

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக உள்ள தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் வசிக்கும் தம்பி ஒருவர் என்னிடம் மூன்று கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருந்தார். கல்யாண வீடுகளுக்கும் சாமத்திய வீடுகளுக்கும் படம் எடுப்பது அவருடைய தொழில். ஓய்வு கிடைக்கும்போது ஆடிவேல் விழாவையும் புறக்கோட்டைத் தெருக்களையும் கறுப்பு வெள்ளையில் எடுத்து வருகிறார். அடுத்த வருடம் முப்பது படங்களுடன் ஒரு சிறு கண்காட்சி வைக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். 13, 17, 24 அங்குலங்களில் எந்த அகலத்தில் பிரிண்டர் வாங்குவது, போத்தல் மை ஊற்றும் விலை குறைந்த இங்க் டேங்க் பிரிண்டர் போதாதா, மூடப்போகும் ஸ்ரூடியோ ஒன்றிலிருந்து மலிவாக வரும் பழைய 24 அங்குல இயந்திரத்தை எடுக்கலாமா என்பவையே அந்த மூன்று கேள்விகள். கொட்டாஞ்சேனையில் பதினான்கு வருடங்களாக ஒரு சிறிய அச்சறையை நடத்தி வருபவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

தம்பி, அகலத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னர் வேறொரு கணக்கை நீங்கள் எடுக்க வேண்டும். கடந்த ஆறு மாதங்களில் வெளியே கொடுத்து அச்சிட்ட பெரிய படங்கள் எத்தனை, அவை எந்தெந்தக் கிழமைகளில் வந்தன என்று உங்கள் பற்றுச்சீட்டுகளைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். கல்யாண வேலை முகூர்த்த மாதங்களில் குவியும், ஆடியிலும் மார்கழியிலும் ஏறக்குறைய நின்றுவிடும். மைப் பிரிண்டருக்கு இந்த ஏற்ற இறக்கம் ஒத்துவராது. தலைமயிரைவிட மெல்லிய துளைகள் வழியாக மையைத் தெளிக்கும் இயந்திரம் மூன்று கிழமை சும்மா கிடந்தால், துளைகளின் வாயில் மை தடிக்கிறது. பின்னர் அதைத் துப்புரவு செய்ய இயந்திரம் தானாகவே மையை உறிஞ்சிக் கழிவுப் பெட்டிக்குள் கொட்டுகிறது. அந்த மையும் நீங்கள் காசு கொடுத்து வாங்கியதுதான். கிழமைக்கு இரண்டு படமாவது நிச்சயமாக அச்சிடுவேன் என்று சொல்லக்கூடியவருக்கும், மாதத்துக்கு ஒருநாள் இருபது படம் அச்சிடுபவருக்கும் ஒரே இயந்திரம் பொருந்தாது. மாதத்தில் மொத்த எண்ணிக்கை முதலாமவருக்குக் குறைவாக இருந்தாலும் அவருடைய இயந்திரமே நீண்ட காலம் நன்றாக இருக்கும்.

இயந்திரத்தின் விலையையும் இதே கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டுக்காக ஓர் இயந்திரம் 4 இலட்சம் ரூபா என்றும், அதை ஐந்து வருடம் பாவிக்கிறீர்கள் என்றும், வருடத்துக்கு 50 கிழமை என்றும் வைத்துக்கொள்வோம். கிழமைக்கு 1,600 ரூபா இயந்திரத்துக்கே போகிறது. கிழமைக்கு இரண்டு படம் அச்சிட்டால் மையையும் தாளையும் தொடுவதற்கு முன்பே ஒவ்வொரு படத்தின் மேலும் 800 ரூபா ஏறிவிடும். பத்துப் படம் அச்சிட்டால் அது 160 ரூபாவாக இறங்கும். இதனுடன் மை, தாள், கெட்டுப்போகும் படங்கள் ஆகியவற்றையும் சேருங்கள். பத்துக்கு ஒன்று கெடும் என்று வைத்துக்கொள்வது பழகியவருக்குக்கூட நியாயமான மதிப்பீடுதான். இந்தத் தொகை வெளியில் அச்சிடக் கொடுக்கும் கூலியைவிடக் கூடுதலாக வந்தால் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தன் படத்தைத் தன் கையால், தான் நினைத்த கருமையில், தான் தேர்ந்த தாளில் அச்சிடுவதற்கு ஒரு பெறுமதி இருக்கிறது. ஆனால் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறோம் என்பதை அறிந்துகொண்டு கொடுக்க வேண்டும்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் நீங்கள் அவசரப்படக்கூடும். அந்தப் பழைய 24 அங்குல இயந்திரத்தை எடுக்காதீர்கள். 2016இல் நானும் அப்படி ஒன்றை எடுத்தேன். விற்றவர் கண் முன்னால் அச்சிட்டுக் காட்டினார், படமும் குறையில்லாமல் வந்தது. ஆனால் அதற்கு முந்திய நாள் முழுவதும் அவர் துப்புரவுச் சுற்றை மீண்டும் மீண்டும் ஓட்டியிருந்தார் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. ஆறு கிழமைக்குள் இளஞ்சாம்பல் நிறத் துளைகள் பாதிக்குமேல் அடைத்துக்கொண்டன. துளைகளைக் கொண்ட அச்சுத் தலையைப் புதிதாக வாங்கும் விலையும் பொருத்தும் கூலியும் நான் இயந்திரத்துக்குக் கொடுத்த தொகையைத் தாண்டியதால், அதை உதிரிப்பாகமாக விற்றுவிட்டேன். அடைப்பைத் தவிர வேறு பாரங்களும் உண்டு. 24 அங்குல இயந்திரம் தாங்கியோடு சேர்த்து ஏறக்குறைய 100 கிலோ வரும். தொடர்மாடியின் படிக்கட்டில் அதைத் திருப்ப முடியுமா, மின்தூக்கிக்குள் நிற்குமா என்று அளந்து பார்க்க வேண்டும். அதன் மைப்பெட்டிகள் நூற்றுக்கணக்கான மில்லிலீற்றர் கொண்டவை. மில்லிலீற்றருக்குப் பார்த்தால் விலை குறைவுதான், ஆனால் பத்துப் பன்னிரண்டு பெட்டிகளை ஒருதரம் மாற்றவே பெருந்தொகை முடங்கும், மெதுவாகப் பாவிப்பவரிடம் மை காலாவதியாகிவிடும். கிழமைதோறும் சுருள் தாளில் பெரிய ஓடர் வரும் இடத்துக்கு மட்டுமே அந்த அகலம் உரியது.

அப்படியும் யாராவது பழைய பிரிண்டர் ஒன்றை வாங்கத்தான் வேண்டுமென்றால், முதல்நாள் சொல்லாமல் திடீரென்று போய்ப் பார்க்க வேண்டும். எல்லாத் துளைகளும் மை விடுகின்றனவா என்று காட்டும் துளைப் பரிசோதனைக் கோலத்தை அச்சிட்டு, ஒரு கோடும் விடுபடவில்லை என்று பார்த்த பின்னர், மூன்று மணிநேரம் கழித்து மறுபடியும் அதையே அச்சிடச் சொல்ல வேண்டும். முதலாவதில் இருந்த கோடு இரண்டாவதில் காணாமல் போயிருந்தால் அந்த இயந்திரத்தின் மைப்பாதைக்குள் காற்றுப் புகுகிறது என்று கொள்ளலாம்.

அகலத்துக்கு வருவோம். 13 அங்குலப் பிரிண்டர் ஏ3 பிளஸ் எனப்படும் 13க்கு 19 அங்குலத் தாள் வரை அச்சிடும். 17 அங்குலப் பிரிண்டர் ஏ2 தாளையும் 17க்கு 22 அங்குலத் தாளையும் ஏற்கும். 24 மெகாபிக்சல் கமரா தரும் கோப்பு 6000க்கு 4000 புள்ளிகள் கொண்டது. 19 அங்குல நீளத்தில் அது அங்குலத்துக்கு 300 புள்ளிகளுக்குச் சற்று மேலே நிற்கும். 22 அங்குல நீளத்தில் சுமார் 270 வரும். கையில் ஏந்திப் பார்க்கும் படத்துக்கு இரண்டும் தாராளம். 36 அங்குல நீளத்தில் அது 167ஆக இறங்கினாலும் அந்த அளவுப் படத்தை எவரும் முகத்தருகே வைத்துப் பார்ப்பதில்லை, ஒன்றரை மீற்றர் தள்ளி நின்றே பார்ப்பார்கள் என்பதால் குறை தெரியாது. ஆகவே உங்கள் கமராவின் புள்ளிகளை வைத்துப் பிரிண்டரின் அகலத்தைத் தீர்மானிக்க வேண்டியதில்லை. படம் தொங்கப்போகும் சுவரை வைத்துத் தீர்மானியுங்கள். கொழும்புத் தொடர்மாடிகளின் வரவேற்பறையில் சட்டமும் வெள்ளை விளிம்பும் சேர்த்து ஏ2 படம் ஒன்று கம்பீரமாக நிற்கும். ஏ3 பிளஸ் படம் அதே சுவரில் சிறிதாகத் தெரியும், ஆனால் நான்கு படங்களை வரிசையாக மாட்டுவதென்றால் அந்த அளவே அழகு.

விளம்பரத் தாளில் பெரிதாக அச்சிட்டிருக்கும் தெளிவு எண்ணை வைத்து ஒப்பிடவும் வேண்டாம். எப்சன் ஷுவர்கலர் பி900 பிரிண்டருக்கு அங்குலத்துக்கு 5760க்கு 1440 புள்ளிகள் என்றும் கெனன் இமேஜ்புரோகிராஃப் புரோ-1000 பிரிண்டருக்கு 2400க்கு 1200 என்றும் போட்டிருப்பார்கள். முதலாவது இரண்டு மடங்கு துல்லியமானது என்று இதற்குப் பொருள் இல்லை. துளியைத் தாளில் வைக்கும் முறை இரண்டிலும் வேறு. நல்ல தாளில் இரண்டையும் அருகருகே வைத்தால் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

அந்த முறை வேறுபாட்டை அறிவது வேறொரு காரணத்துக்காகப் பயன்படும். எப்சன் தலையில் மின்சாரம் பட்டதும் வளையும் ஒரு நுண்படிகம் மையைத் தள்ளுகிறது. அந்தத் தலை இயந்திரத்தின் ஆயுள் முழுவதும் இருக்கும்படி செய்யப்பட்டது. கெட்டால் திருத்துநர் இல்லாமல் மாற்ற முடியாது. கெனன் தலையில் மை ஒரு கணம் சூடாகிக் குமிழியாகி வெளியே தெறிக்கிறது. அது காலப்போக்கில் தேயும், ஆனால் பாவிப்பவரே கழற்றி மாற்றிவிடலாம். பி900இல் ஒரு நிறத்துக்கு 180 துளைகள். புரோ-1000இல் ஒரு நிறத்துக்கு 1,536 துளைகள். சில துளைகள் அடைத்தாலும் கெனன் அவற்றின் வேலையை மற்றவற்றிடம் ஒப்படைத்துவிடும், எப்சனில் ஒரு துளை அடைத்தாலும் படத்தில் கோடு விழக்கூடும். மறுபுறத்தில் கெனன் இயந்திரம் தானாக எழுந்து துப்புரவு செய்துகொள்ளும் பழக்கமுடையது, அதற்கும் மை செலவாகும். ஒழுங்காகக் கிழமைதோறும் அச்சிடுபவருக்கு எப்சன் சிக்கனம், இடைவெளி விட்டு அச்சிடுபவருக்குக் கெனன் பாதுகாப்பு என்பது என் அனுபவம்.

இனி மை. உங்கள் இரண்டாவது கேள்வி இதில்தான் அடங்கியிருக்கிறது. டை மை என்று கடையில் சொல்லப்படும் சாய மை தண்ணீரில் சீனி கரைவதைப்போல முழுவதும் கரைந்திருக்கும். அது தாளின் மேற்பூச்சுக்குள் இறங்கிவிடுவதால் பளபளப்பான தாளில் நிறம் மிக மினுக்கமாக வரும். பிக்மென்ற் எனப்படும் நிறமி மையில் நிறம் மிக நுண்ணிய துகள்களாக மிதக்கிறது. ஒளியும் காற்றிலுள்ள வாயுக்களும் ஒரு துகளின் மேற்புறத்தை அரித்தாலும் உள்ளே நிறம் மிஞ்சியிருக்கும். சாய மூலக்கூறு தனித்து நிற்பதால் அதற்கு அந்தக் காப்பு இல்லை. ஈரப்பதம் கூடிய இடத்தில் சாய மை இன்னொரு விதத்திலும் கெடுகிறது. அச்சிட்டு மாதங்கள் சென்ற பின்னரும் பூச்சுக்குள் நிறம் மெல்ல நகர்ந்து, கறுப்பு எழுத்தின் ஓரமும் கண் இமையின் கோடும் மங்கிப் பரவும்.

நிறமி மைப் படம் 200 வருடம் நிற்கும் என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம். இத்தகைய மதிப்பீடுகளைச் செய்யும் வில்ஹெல்ம் ஆய்வுக்கூடத்தின் கணக்கு 24 பாகை செல்சியஸ் வெப்பம், 60 சதவீத ஈரப்பதம், நாளொன்றுக்கு 12 மணிநேரம் 450 லக்ஸ் வெளிச்சம் என்ற நிலைமையை அடிப்படையாகக் கொண்டது. நம் கொழும்பில் பகலில் ஈரப்பதம் பெரும்பாலும் 70 சதவீதத்தைத் தாண்டும், இரவில் இன்னும் கூடும். யன்னலைத் திறந்தால் காலி வீதியின் வாகனப் புகை வரும், பின்பக்கத்தைத் திறந்தால் உப்புக் காற்று வரும். இதைவிட எங்கள் வீடுகளுக்கே உரிய ஒன்றும் இருக்கிறது. காலமானவருடைய படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டு, மாலை போட்டு, அதன் முன்னால் நாள்தோறும் விளக்கேற்றிச் சாம்பிராணி காட்டுகிறோம். முப்பத்தோராம் நாளுக்காக அவசரமாக மலிவான சாய மையில் அச்சிட்டுக் கொடுத்த அம்மம்மாவின் படம் மூன்றாம் வருடம் முகமெல்லாம் மஞ்சளும் சிவப்புமாகிப் போனதை ஒரு குடும்பம் என்னிடம் கொண்டுவந்து காட்டியது. மூலக் கோப்பு அவர்களிடம் இருக்கவில்லை. அந்த மங்கிய படத்திலிருந்தே பிரதி எடுத்துத் திருத்த வேண்டியிருந்தது. அவருடைய முகத்தின் உண்மையான நிறத்தை மகள் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லச் சரிசெய்தேன். அதன் பிறகு நினைவுப் படங்களை நிறமி மையில் தவிர வேறெதிலும் நான் அச்சிடுவதில்லை. கண்ணாடி போடாமல் கொடுப்பதும் இல்லை, ஏனென்றால் கண்ணாடி புகையையும் வாயுவையும் வெகுவாகத் தடுக்கிறது.

இதற்காக இங்க் டேங்க் பிரிண்டர்களை நான் ஒதுக்கவில்லை. எப்சன் எல்8180 போன்ற ஏ3 பிளஸ் இயந்திரம் ஆறு போத்தல்களில் ஒவ்வொன்றும் 70 மில்லிலீற்றர் மை கொண்டது; கழிவு மைப் பெட்டியைப் பாவிப்பவரே மாற்றலாம். அல்பத்துக்கான மாதிரிப் பக்கங்கள், விருந்தினருக்கு அன்றே கொடுக்கும் படங்கள், மண்டப வாசலில் வைக்கும் வரவேற்புப் படம் ஆகியவற்றுக்கு அதைவிடச் செலவு குறைந்த வழி வீட்டில் இல்லை. ஆனால் அதன் நிறங்கள் சாய மை. அதிலுள்ள நிறமிக் கறுப்பு சாதாரணத் தாளில் எழுத்து அச்சிடுவதற்கானது. பளபளப்பில்லாத பருத்தித் தாளில் ஆழமான கறுப்பை அதிலிருந்து எதிர்பார்க்க முடியாது, உங்கள் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு அந்தக் கறுப்புத்தான் உயிர். போத்தல் மை தீர்ந்ததும் பெயர் தெரியாத மலிவு மையை ஊற்றும் வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. அதைச் செய்தால் தாளுக்கும் மைக்கும் ஏற்ப நிறத்தைச் சரிசெய்யத் தாள் நிறுவனம் தந்த நிறக் கோப்பு பொருந்தாது, படம் எவ்வளவு காலம் நிற்கும் என்பதையும் எவராலும் சொல்ல முடியாது.

முழு அல்பம் அச்சிடுவதற்கு எந்த மைப் பிரிண்டரையும் வாங்க வேண்டாம். 12க்கு 36 அங்குலப் பக்கங்கள் நாற்பதைப் புகைப்பட லாப்பில் விரைவாக அச்சிட்டு, மடித்து, கட்டியும் கொடுத்துவிடுவார்கள்.

நிறமி மை வகையில் நீங்கள் பார்க்க வேண்டிய இயந்திரங்கள் சிலவே. எப்சனில் 13 அங்குலத்துக்கு பி700, 17 அங்குலத்துக்கு பி900. இரண்டும் 2020இல் வந்தவை, இரண்டிலும் பத்து மைகள், அவற்றுள் ஒன்று ஊதா. பளபளப்புத் தாளுக்கான கறுப்புக்கும் மங்கல் தாளுக்கான கறுப்புக்கும் தனித்தனித் துளைகள் இருப்பதால், தாளை மாற்றும்போது முன்னைய பி800இல் மையைக் கழித்துவிட்டு மாற்ற வேண்டியிருந்த தொல்லை இவற்றில் இல்லை. கெனனில் 13 அங்குலத்துக்கு புரோ-300, 17 அங்குலத்துக்கு புரோ-1000, அதன் பின் 2024இல் வந்த புரோ-1100. புரோ-1000இல் பதினொரு நிறங்களும், பளபளப்பைச் சீராக்கும் நிறமற்ற திரவம் ஒன்றும் உண்டு. பளபளப்புத் தாளில் நிறமி மை அச்சிட்டால் சாய்த்துப் பார்க்கும்போது சில இடம் மின்னியும் சில இடம் மங்கியும் தெரியும். அந்தக் குறையை இந்தத் திரவம் நன்றாக மறைக்கிறது. பி900 சுமார் 15 கிலோ, புரோ-1000 சுமார் 32 கிலோ. மூன்றாம் மாடியில் வசிக்கும் நீங்கள் இதையும் கவனிக்க வேண்டும். நீண்ட அகலப் படங்களை விரும்பினால் பி900க்குச் சுருள் தாள் தாங்கியைத் தனியாக வாங்கிப் பொருத்தலாம், புரோ-1000இல் அந்த வசதி இல்லை.

பலர் கவனிக்காமல் விடுவது மைப்பெட்டியின் அளவு. புரோ-300இன் பெட்டி ஒன்றில் 14.4 மில்லிலீற்றர், பத்துப் பெட்டிக்கும் மொத்தம் 144. பி700இல் 25 வீதம் 250. பி900இல் 50 வீதம் 500. புரோ-1000இல் 80 வீதம் பன்னிரண்டு பெட்டிகளில் 960. சிறிய பெட்டியில் வரும் மை மில்லிலீற்றருக்கு எப்போதும் விலை கூடியது. 13 அங்குல இயந்திரம் விலை குறைவு என்று எடுத்தவர்கள் இரண்டு வருடத்துக்குள் மைச் செலவில் அந்த வித்தியாசத்தைத் தாண்டிப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கிழமைதோறும் அச்சிடுபவர் ஏ2 படம் அச்சிடாவிட்டாலும் 17 அங்குலத்தை எடுப்பதற்கு இது ஒன்றே போதிய காரணம். புதிய இயந்திரத்தின் முதல் பெட்டிகளில் ஒரு பங்கு குழாய்களை நிரப்பவே போய்விடும். முதல் செட் சீக்கிரம் தீர்வதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

பணம் கொடுப்பதற்கு முன்னர் ஒரு காரியம் செய்யுங்கள். பம்பலப்பிட்டி யுனிற்றி பிளாசாவிலும் முகவர் நிறுவனத்திலும் தொலைபேசியில் கேட்காமல் நேரில் போய், நீங்கள் வாங்க நினைக்கும் பிரிண்டரின் இளஞ்சாம்பல் மைப்பெட்டியும் கழிவு மைப் பெட்டியும் இன்றைக்கே கையில் தர முடியுமா என்று கேளுங்கள். கறுப்பும் மஞ்சளும் எல்லோரிடமும் இருக்கும். வெளிறிய நிறங்களே விரைவில் தீர்பவை, அவைதாம் கையிருப்பில் இல்லாமல் போகும். ஒரு பெட்டி வெறுமையானாலும் மற்ற ஒன்பதில் மை இருந்தும் இயந்திரம் அச்சிடாது. 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்து இறக்குமதியும் சுருங்கியபோது, விலையுயர்ந்த இயந்திரங்கள் ஒரு பெட்டிக்காக மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததை நாமெல்லாம் பார்த்தோம். 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 சதவீதம் என்பதால், சொல்லும் விலை வரியோடு சேர்ந்ததா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் உறவினர் பிரிண்டரை வாங்கி அனுப்புவதாகச் சொன்னால், அன்போடு மறுத்துவிடுங்கள். மின்சார அளவு பெரும்பாலும் பிரச்சினையாக இராது. மைப்பெட்டிகள் பிராந்தியத்துக்குப் பிராந்தியம் வேறுபடும் என்பதே சிக்கல். அங்கே வாங்கிய இயந்திரம் இங்கே விற்கும் பெட்டியை ஏற்க மறுக்கக்கூடும், உத்தரவாதமும் இங்கே செல்லாது. அவர்கள் உதவ விரும்பினால் நல்ல தாள் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். ஹானமூலே, கான்சன் போன்ற நிறுவனங்களின் பருத்தித் தாள்களும், இருட்டறைத் தாளைப்போலத் தோன்றும் பரைற்றாத் தாள்களும் எல்லாப் பிரிண்டருக்கும் பொதுவானவை.

இயந்திரம் எந்த அறையில் நிற்கும் என்பதை வாங்கிய பிறகு யோசிக்கக் கூடாது. எப்சன் தன் இயந்திரங்களுக்கு 20 முதல் 80 சதவீதம் வரையான ஈரப்பதத்தை வேலை செய்யும் எல்லையாகக் குறிப்பிடுகிறது. தென்மேற்குப் பருவ மழை நாட்களில் கடற்கரைப் பக்கத்து வீடுகள் அந்த எல்லையைச் சாதாரணமாகத் தாண்டும். கடலைப் பார்த்த அறையைத் தவிர்த்து, உள்ளறை ஒன்றைத் தேர்ந்து, ஈரப்பதமானி ஒன்றைச் சுவரில் மாட்டி, அதை 50க்கும் 60க்கும் இடையில் வைக்க முயலுங்கள். நாள் முழுவதும் ஏசி ஓட்டுவதைவிடச் சிறிய ஈரப்பதமகற்றி மின்சாரக் கட்டணத்துக்கு நல்லது. ஏசியை அச்சிடும்போது மட்டும் போட்டு அணைப்பதில் கேடும் உண்டு, குளிர்ந்த தாளின் மேல் ஈரம் படியும். ஈரம் குடித்த தாள் ஓரங்களில் நெளியும். நெளிந்த ஓரம் தலையில் உரசினால் படமும் கெடும், தலையும் கெடும். தாளைச் சிலிக்கா ஜெல்லோடு மூடிய பெட்டிக்குள் வைத்து, அச்சிடுவதற்கு முந்திய நாள் எடுத்து அறையில் விடுவது என் வழக்கம். பருத்தித் தாளின் பசையை இராமபாணப் பூச்சி விரும்பித் தின்னும், அதற்கும் மூடிய பெட்டியே காவல்.

மின்வெட்டு இன்னொன்று. அச்சிட்டுக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் தலை தன் மூடிக்குத் திரும்பாமல் நடுவழியில் திறந்தபடி நிற்கும். மின்சாரம் வர நான்கு மணிநேரம் ஆனால் அதற்குள் மை உலரும். 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேர வெட்டு நடைமுறையில் இருந்தபோது பலருடைய தலைகள் அப்படித்தான் போயின. மைப் பிரிண்டர் லேசர் பிரிண்டரைப்போல அதிக மின்சாரம் இழுப்பதில்லை, கணினிக்கு வாங்கும் சாதாரண யூபிஎஸ் போதும். படத்தை முடித்து, இயந்திரத்தின் சொந்தப் பொத்தானால் அணைக்க அது நேரம் தரும். சுவர் ஆளியால் ஒருநாளும் அணைக்காதீர்கள்.

கடையில் காட்டும் மாதிரிப் படத்தில் வெளிநாட்டு மலையும் கிளியும் இருக்கும். அவை எந்தப் பிரிண்டரிலும் அழகாக வரும். உங்கள் சொந்தக் கோப்பைக் கொண்டு போங்கள். நான் சோதனைக்கு வைத்திருப்பது ஒரு மணப்பெண்ணின் படம். கூறைச் சேலையின் அடர்ந்த சிவப்பு, சரிகையின் பொன், எண்ணெய் வைத்த கருங்கூந்தலில் மல்லிகைச் சரம், மாநிறத் தோல் எல்லாம் ஒரே சட்டத்துக்குள் இருக்கின்றன. அந்தச் சிவப்பில் மடிப்புகள் தெரியாமல் ஒரே திட்டாக வந்தாலோ, கூந்தல் இழை தெரியாமல் கருங்கட்டியாக வந்தாலோ, தோல் செம்மஞ்சளாகச் சாய்ந்தாலோ அந்தத் தாளும் மையும் நமக்குப் பொருந்தவில்லை. கறுப்பு வெள்ளைக்கு, கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாக வெளிறும் சாம்பல் படிக்கட்டு ஒன்றை அச்சிட்டு, கடையின் எல்ஈடி வெளிச்சத்திலும் வாசலில் நிழலான பகல் வெளிச்சத்திலும் பாருங்கள். ஒன்றில் பச்சையாகவும் மற்றதில் செவ்வூதாவாகவும் தெரியக் கூடாது.

வீட்டில் படம் இருண்டு வருகிறது என்று பிரிண்டரைக் குறை சொல்பவர்களில் பெரும்பாலோருடைய மொனிற்றர்தான் கூடிய வெளிச்சத்தில் இருக்கிறது. அதன் வெளிச்சத்தைச் சதுர மீற்றருக்கு 100 கண்டெலா (ஒளி அளவின் அலகு) அளவில் இறக்கி, அளவீட்டுக் கருவியால் சரிசெய்து, தாள் நிறுவனம் தன் இணையத்தளத்தில் இலவசமாகத் தரும், ஐசிசி எனப்படும் நிறக் கோப்பைப் பாவித்து, நிறத்தைக் கையாளும் பொறுப்பை மென்பொருளிடம் மட்டும் கொடுத்து, பிரிண்டர் பக்கத்தில் அதை நிறுத்திவிட வேண்டும். இரண்டு பக்கமும் திருத்தினால் நிறம் இரண்டு தடவை மாறும்.

உங்கள் கண்காட்சிக்கு முப்பது படமும் ஏ2 அளவில் வேண்டுமா என்று மறுபடி யோசியுங்கள். மண்டபத்துக்குள் எட்டுப் பெரிய படங்களும் இருபத்திரண்டு சிறிய படங்களும் நிற்கும்போது பார்ப்பவருடைய நடையில் ஓர் ஒழுங்கு வரும். கில்ஃபோட் கிரசென்ற்றில் லயனல் வென்ட் கலைக்கூடத்துக்கு ஒரு கண்காட்சி நாளில் போய், எந்த அளவுப் படத்தின் முன் ஆட்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள் என்று பாருங்கள். 1900 முதல் 1944 வரை வாழ்ந்த வென்ட் இருட்டறையில் தன் கையாலேயே அச்சிட்டவர். கறுப்பு வெள்ளையில் வேலை செய்யும் உங்களுக்கு அவருடைய படங்களில் நிழல் எவ்வளவு ஆழம் போகிறது என்பதே ஒரு பாடம்.

கிழமைக்கு இரண்டு படமாவது அச்சிடுவேன் என்று உங்கள் பற்றுச்சீட்டுகள் சொன்னால் பி900 எடுங்கள்; சுமக்கவும் எளிது, மங்கல் தாளில் அதன் கறுப்பும் அருமை. இடையிடையே ஒரு மாதம் சும்மா கிடக்கும் என்றால், பாரத்தைப் பொறுத்துக்கொண்டு புரோ-1000 அல்லது புரோ-1100 எடுங்கள். பற்றுச்சீட்டுகளில் பெரும்பகுதி அன்றே கொடுக்கும் சிறிய படங்களாக இருந்தால் எல்8180 உங்கள் தொழிலுக்குப் போதும். கண்காட்சிப் படங்களை மட்டும் நிறமி மை இயந்திரம் உள்ள அச்சறை ஒன்றில், பக்கத்தில் நின்று அச்சிட்டு எடுங்கள். எதை எடுத்தாலும் முதல் மாதத்தில் ஒரே ஒரு தாள் வகையை மட்டும் வாங்குங்கள். 25 தாள்கள் கொண்ட ஒரு பெட்டியை முடிப்பதற்குள் அந்தத் தாளில் உங்கள் படம் எவ்வளவு இருளும், எவ்வளவு வெளிறும் என்று கை அறிந்துவிடும். அதன் பிறகு இரண்டாவது வகையைத் திறக்கலாம். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லா நிறமும் உள்ள ஏ4 படம் ஒன்றை அச்சிட்டு, பின்புறத்தில் திகதியையும் அன்றைய ஈரப்பதத்தையும் பென்சிலால் எழுதி வையுங்கள். தலை சரியாக இருக்கிறதா என்பதை அந்தக் கட்டு உங்களுக்கு மற்ற எவரையும்விட முன்னதாகச் சொல்லும்.